என் மேசையிலிருந்து திறந்திருந்த 1433

வியாழக்கிழமை காலை 6:20 இருக்கும், பிறை கிடங்கிலிருந்து எங்கள் தம்பி போன் செய்தான். "அண்ணே, லேபல் ஒண்ணும் வரமாட்டேங்குது, மூணு லோரி நிக்குது." நான் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஆபீஸுக்குப் பக்கத்து மாமாக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். ரொட்டிச் சானாய்த் தட்டை ஒதுக்கி வைத்து, மடிக்கணினியைத் திறந்து, விபிஎன் போட்டு, தரவுத்தள சர்வரின் 1433-ஐ, அதாவது தரவுத்தளம் இணைப்புக்காகக் காத்திருக்கும் போர்ட்டை (கதவு எண் மாதிரி), தட்டிப் பார்த்தேன். விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லின் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் ஒரு வினாடிக்குள் 'ட்ரூ' என்றது. "நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு தம்பி, அப்ளிகேஷன் ஆளைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டேன்.

அந்த ஒரு பேச்சால் மூன்று மணி நேரம் போனது. அப்ளிகேஷன் ஆள் சேவையை நிறுத்தித் தொடங்கினார், சர்வரையே ஒரு தரம் ரீஸ்டார்ட் செய்தார், கடவுச்சொல் காலாவதியாகிவிட்டதோ என்று தேடினார். 9 மணிக்கு மேல் எங்கள் ஃபயர்வால் அண்ணன் வந்து உட்கார்ந்து என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீ எங்கேர்ந்து டெஸ்ட் பண்ணே?"

முந்தின இரவு, லேபலைக் கையாளும் அனுப்புகை அப்ளிகேஷன் சர்வரைப் புது மெய்நிகர் மேடைக்கு மாற்றியிருந்தோம். அதோடு அதன் முகவரியும் வேறு சப்நெட்டுக்கு (முகவரித் தொகுதிக்கு) போய்விட்டது. ஃபயர்வாலில் இருந்த விதியோ பழைய முகவரிக்கு மட்டும்தான் 1433-ஐ விட்டுக்கொடுத்தது. என் மடிக்கணினி இருப்பது நிர்வாக விலானில் (ஐ.டி. ஆட்களுக்கென்று பிரித்து வைத்த வலைப்பின்னல் பகுதி), அங்கிருந்து பார்த்தால் எந்தக் கதவும் திறந்துதான் இருக்கும். நான் பார்த்தது என் மேசைக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே உள்ள வழியை. லேபல் போக வேண்டிய வழி அது கிடையாது. போர்ட் 'திறந்திருக்கிறது' என்று மொட்டையாகச் சொல்வதில் பொருளே இல்லை, எங்கிருந்து என்று சேர்த்துச் சொல்லாதவரை. இது பாடப்புத்தகத்தில் இருக்கிற சங்கதிதான், ஆனால் பசியாறும்போது யாருக்கும் பாடப்புத்தகம் ஞாபகம் வருவதில்லை.

அதற்குப் பின் எட்டு மாதத்தில், ஒவ்வொரு சர்வரும் தான் பேச வேண்டிய போர்ட்டைத் தன் இடத்திலிருந்தே தட்டிப் பார்த்துச் சொல்லும்படி ஒரு ஸ்கிரிப்ட் கட்டினோம். கட்டியது, கட்டும்போது உடைத்தது, இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பட்டியல் என்கிற பெரிய வேலை

எங்களுடையது நடுத்தர அளவிலான உற்பத்தி நிறுவனம். 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தொழிற்சாலை, பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில் கிடங்கு, பத்து காவானில் போன வருடம் எடுத்த ஒரு சின்னக் கட்டடம். விண்டோஸ் சர்வர் 46, லினக்ஸ் நாலு, ஐ.டி.க்கு ஆள் நாலு. எந்த சர்வர் எந்த சர்வரிடம் எந்தப் போர்ட்டில் பேசுகிறது என்று முழுசாக எழுதி வைத்த காகிதம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஃபயர்வால் அண்ணன் தலைக்குள். தைப்பூசத்துக்கு அவர் மூன்று நாள் லீவு எடுத்தால், தண்ணீர்மலையில் காவடிக்குப் பின்னால் நடந்துகொண்டே போனில் போர்ட் எண் சொல்வார், பின்னணியில் உறுமி மேளம், இந்தப் பக்கம் நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு எழுதிக்கொள்வேன்.

ஃபயர்வால் விதிகளிலிருந்தே பட்டியலை எடுக்கலாமே என்று முதலில் நினைத்தோம். எடுத்துப் பார்த்தால் பாதி விதிகளுக்கு இன்று பயன்படுத்துகிற ஆளே இல்லை, சிலது ஒரு சப்நெட் முழுவதையும் திறந்துவிட்டிருந்தது. அதனால் வேறு வழிக்குப் போனோம். ஒவ்வொரு சர்வரிலும் 15 நிமிடத்துக்கு ஒரு முறை கெட்-நெட்டிசிபிகனெக்‌ஷன் ஓட்டி, அந்த நேரத்தில் நிலைபெற்றிருக்கும் இணைப்புகளை மட்டும் ஒரு கோப்பில் கொட்டச் சொன்னோம். இரண்டு வாரம் கழித்து ஒன்றாகச் சேர்த்து, திரும்பத் திரும்ப வந்ததைக் கழித்து, 300 சொச்சம் வரிகளில் ஒரு பட்டியல் கிடைத்தது. மூலம், இலக்கு, போர்ட், எதற்காக, யார் பொறுப்பு என்று ஐந்து பத்திகள். நான்காவதும் ஐந்தாவதும்தான் உயிரை வாங்கியது. ஒரு வரிக்கு "எதற்காக" என்று கண்டுபிடிக்க இரண்டு பேரிடம் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது, அதில் ஒருவர் வேலையை விட்டுப் போனவர்.

இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு, நாங்கள் அதில் விழுந்தோம். சேகரித்தது மாதத்தின் பின்பாதியில். ஊழியர் சேமநிதிச் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், அந்தக் கோப்பை அனுப்பும் சம்பள சர்வர் மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் வெளியே பேசும். அது எங்கள் வலையில் சிக்கவே இல்லை. கணக்குப் பிரிவு அக்கா "எங்களுடைய வரி எங்கே?" என்று பட்டியலைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் சேர்த்தோம். ஒரு முழு மாதமாவது சேகரியுங்கள். ஆண்டு இறுதி வேலைகள் இருந்தால் அதை ஆளிடம்தான் கேட்க வேண்டும், இணைப்புப் பதிவு சொல்லாது.

ஸ்கிரிப்ட்

அமைப்பு எளிது. மையத்தில் ஒரு சர்வர். அது பட்டியலைப் படித்து, மூலம் வாரியாகப் பிரித்து, இன்வோக்-கமாண்ட் என்ற பவர்ஷெல் கட்டளை மூலமாக ஒவ்வொரு மூல சர்வருக்குள்ளும் நுழைந்து, "உன் வரிகள் இவை, நீயே தட்டிப் பார்த்துச் சொல்" என்கிறது. விடைகள் மையத்துக்குத் திரும்பி ஒரே அட்டவணையாகின்றன. அடியில் ஓடுவது விண்டோஸைத் தொலைவிலிருந்து இயக்க விடும் வின்ஆர்எம் சேவை, போர்ட் 5985, அல்லது சான்றிதழ் வைத்தால் 5986. சர்வர் 2012 முதல் இது இயல்பிலேயே இயக்கப்பட்டிருக்கிறது, அதனால் எந்த சர்வரிலும் புதிதாக ஒன்றும் நிறுவவில்லை. இன்வோக்-கமாண்ட் இயல்பாக ஒரே நேரத்தில் 32 கணினிகளோடு பேசும், 46-க்கு அது போதும்.

முதல் தடுக்கல், பட்டியலைப் பகிர்வுக் கோப்புறையில் வைத்து, உள்ளே போன ஸ்கிரிப்ட் அங்கிருந்து படித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தது. எல்லா சர்வரும் 'அனுமதி இல்லை' என்று திருப்பி அனுப்பின. விண்டோஸ் சர்வர்கள் ஆளை அடையாளம் காணும் கெர்பரோஸ் முறையில் நாம் மையத்திலிருந்து ஒரு சர்வருக்குள் போகலாம், ஆனால் அந்த சர்வர் நம் பெயரைச் சொல்லிக்கொண்டு மூன்றாவது சர்வரிடம் போக முடியாது. இரட்டைத் தாவல் என்று சொல்லும் பழைய தலைவலி. இதற்குக் கிரெட்எஸ்எஸ்பி என்று ஒரு வழி இருக்கிறது, நான் அதைத் தொடமாட்டேன், நம் அடையாளச் சான்றையே அந்த சர்வரில் விட்டுவிட்டு வருகிற ஏற்பாடு அது. வரிகளை மையத்திலேயே படித்து ஆர்கியுமென்ட்டாக உள்ளே அனுப்பினால் பிரச்சினையே இல்லை. போர்ட்டைத் தட்டுவதற்கு அடையாளம் எதுவும் தேவையில்லாததால் இரட்டைத் தாவல் அங்கே குறுக்கிடுவதில்லை.

இன்னொன்று, சர்வர்களைப் பெயரால் கூப்பிடுங்கள். ஐபி முகவரியைக் கொடுத்தால் கெர்பரோஸ் வேலை செய்யாது, உடனே யாராவது நம்பகப் பட்டியலில் நட்சத்திரக் குறி போட்டு எல்லாரையும் நம்பச் சொல்வார்கள். செய்யாதீர்கள்.

பிறகு வேகம். டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கையால் ஒன்றிரண்டு பார்க்க அருமையான கருவி, சர்வர் 2012 ஆர்2 காலத்திலிருந்து இருக்கிறது. ஆனால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அதனிடம் சொல்ல வழியில்லை. எதிர்ப்பக்கம் பதிலே தராவிட்டால் விண்டோஸ் தன் வழக்கப்படி மறுபடி மறுபடி அனுப்பி, சுமார் 21 வினாடி கழித்துத்தான் கையை விரிக்கும், அதற்குப் பிறகு போனால் போகிறதென்று ஒரு பிங்கும் செய்யும். எங்கள் ஒரு சர்வருக்கு 14 வரி. 14-உம் அடைபட்டிருந்தால் பிங்கை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலே ஐந்து நிமிடம். எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் பறக்கிற ஸ்கிரிப்ட், அவசரமான நாளில் நொண்டும்.

அதனால் டாட்நெட்டில் இணைப்பு போடுவதற்கென்று உள்ள டிசிபிகிளையன்ட்டை எடுத்து, இணைக்கச் சொல்லிவிட்டு, நாமே ஒரு கெடு வைத்தோம். நான் வைத்த கெடு ஒரு வினாடி. ஒரே கட்டடத்துக்குள் போய்வர மில்லிவினாடிகூட ஆகாது, ஒரு வினாடி தாராளம் என்று கணக்கு.

மூன்று விதமான 'இல்லை'

இங்கேதான் நான் எழுத நினைத்த விஷயம் இருக்கிறது. இணையவில்லை என்பதற்குக் குறைந்தது மூன்று அர்த்தம் உண்டு. பெயரே கிடைக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்கும் சேவை) ஆளைப் பார்க்க வேண்டும், பிழை எண் 11001. எதிர்ப்பக்கம் 'இங்கே யாரும் இல்லை, போ' என்று முகத்தில் அடித்தால் 10061, அதாவது மறுப்பு, பெரும்பாலும் அந்த சர்வரில் சேவை ஓடவில்லை. சத்தமே இல்லை என்றால் 10060, நடுவில் யாரோ விழுங்குகிறார்கள், வழக்கமாக ஒரு ஃபயர்வால். வெறும் ட்ரூ, ஃபால்ஸ் என்று அறிக்கை கொடுத்தால் காலை 6:20-க்கு யாரை எழுப்புவது என்று தெரியாது. எங்களுக்கு அறிக்கையே யாரை எழுப்ப வேண்டும் என்பதற்காகத்தான். (பவர்ஷெல் இந்த எண்ணை நேராகக் கையில் தராது. பிழைக்குள் பிழை, அதற்குள் பிழை என்று வெங்காயம் மாதிரி உரித்தால் உள்ளே சாக்கெட் பிழை கிடைக்கும்.)

ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கிய இரண்டாவது வாரம், ஒரு லினக்ஸ் சர்வரின் தரவுத்தளப் போர்ட் 5432 'பதில் இல்லை' என்று சிவப்பில் வந்தது. நேராக ஃபயர்வால் அண்ணனிடம் போனேன். அவர் விதியைப் பார்த்தார், திறந்திருக்கிறது. பதிவைப் பார்த்தார், பாக்கெட் போகிறது. நான் விடவில்லை, ஸ்கிரிப்ட் பொய் சொல்லாது என்றேன். அண்ணன் ஒன்றும் பேசாமல் மூல சர்வரில் பாக்கெட் பிடிப்பானைப் போட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். திரையில் வரிசையாக: சின் (இணைப்புக் கோரிக்கை) போகிறது, உடனே ரீசெட் (மறுப்பு) திரும்பி வருகிறது. அரை வினாடி கழித்து மறுபடி அதே சின், மறுபடி ரீசெட். மறுபடி. லினக்ஸ் ஒவ்வொரு தடவையும் கண் இமைக்கும் நேரத்தில் 'போ' என்றுதான் சொல்கிறது, போகாமல் நிற்பது நம் விண்டோஸ். ரீசெட் வந்த பிறகும் அரை வினாடிக்கு ஒரு தரம் திரும்பத் தட்டிப் பார்த்து, மொத்தம் இரண்டு வினாடி போல எடுத்துக்கொண்டு அப்புறம்தான் நம்மிடம் 'மறுக்கப்பட்டது' என்று ஒத்துக்கொள்ளும். நான் வைத்த கெடு ஒரு வினாடி. அது ஒத்துக்கொள்ளும் முன்பே நான் கிளம்பிவிட்டேன், 'பதில் இல்லை' என்று எழுதிக்கொண்டு.

அந்த லினக்ஸில் தரவுத்தளச் சேவை நின்றிருந்தது, அவ்வளவுதான். கெடுவை 3 வினாடியாக்கினேன். 14 வரியும் அடைபட்டாலும் 42 வினாடி, சகித்துக்கொள்ளலாம். அண்ணனுக்கு ஒரு நாசி கண்டார் சாப்பாடு கடன்.

சரி, இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தால் விண்டோஸ் இலக்குகளில் இன்னொரு முடிச்சு. விண்டோஸ் ஃபயர்வால் இயங்கிக்கொண்டிருந்தால், அதன் ஸ்டெல்த் முறை இயல்பிலேயே போடப்பட்டிருக்கும். கேட்பதற்கு ஆள் இல்லாத போர்ட்டை யாராவது தட்டினால் ரீசெட் அனுப்பாமல் கம்மென்று இருந்துவிடும். அதாவது சேவை நின்றுபோன விண்டோஸ் சர்வரும், நடுவில் ஃபயர்வால் விழுங்கிய சர்வரும், வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி மௌனம். மறுபுறம் சில ஃபயர்வால்களில் விதியை 'மறு' என்று வைத்தால் அவையே ரீசெட் அனுப்பும், அப்போது அது சேவை நின்றது போலத் தெரியும். ஆக மூலத்திலிருந்து மட்டும் பார்த்து ஆளைக் கை காட்டுவது பாதி ஊகம்தான்.

இதற்கு நாங்கள் செய்தது, எந்த வரி சிவப்பானாலும் உடனே இலக்கு சர்வருக்குள்ளும் ஒரு இன்வோக்-கமாண்ட் போய், அந்தப் போர்ட்டில் யாராவது காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்களா, எந்த முகவரியில், எந்தப் புரோகிராம் என்று கேட்டு வருகிறது. இப்போது அறிக்கையில் ஒரு வரி இப்படி வரும்: அனுப்புகை-02 இலிருந்து தரவு-01, 1433, பதில் இல்லை, அங்கே சேவை கேட்டுக்கொண்டிருக்கிறது. இதைப் படித்தால் நடுவில்தான் கோளாறு என்று தம்பிக்குக்கூடத் தெரியும். 'எந்த முகவரியில்' என்பதை அலட்சியப்படுத்தாதீர்கள். ஒரு தரம் சேவை 127.0.0.1-இல், அதாவது அந்த சர்வர் தன்னையே குறிக்கும் முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, உள்ளே இருந்து பார்த்தால் ஜம்மென்று ஓடும், வெளியே ஒருவருக்கும் எட்டாது.

பச்சையாக வந்த பொய்

மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாயில் வெளியிடும் பேட்ச் நமக்குப் புதன் விடியற்காலையில் வந்து சேரும், நாங்கள் அந்த வார இறுதியில் போடுவோம். அப்படி ஒரு ஞாயிறு இரவு எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்து, ஸ்கிரிப்ட்டை ஓட்டி, அறிக்கையில் சிவப்பு பூஜ்யம் என்று பார்த்து நிம்மதியாகத் தூங்கினேன். திங்கள் 8:15-க்குப் பிறையிலிருந்து போன். மறுபடி லேபல்.

நடந்தது இது. பிறையில் இருக்கும் ஒரு சர்வர், டொமைன் கன்ட்ரோலர் (நிறுவனத்தின் கணினிகளையும் கணக்குகளையும் நிர்வகிக்கும் சர்வர்) எழுந்திருக்கும் முன்பே எழுந்துவிட்டது. எந்த வலைப்பின்னலில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கும் விண்டோஸ் சேவைக்கு டொமைன் கண்ணில் படவில்லை, அதனால் 'இது பப்ளிக் வலைப்பின்னல்' என்று முடிவு கட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. விண்டோஸ் ஃபயர்வாலில் டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்று முகம். எங்கள் அப்ளிகேஷன் போர்ட்டுக்கான விதி டொமைன் முகத்துக்கு மட்டும் எழுதியது, ஆகவே போர்ட் அடைபட்டது. அதோடு வின்ஆர்எம்-உம். பப்ளிக் முகத்தில் அது இயல்பாகத் தன் சப்நெட்டில் இருப்பவர்களை மட்டும்தான் உள்ளே விடும், எங்கள் மைய சர்வரோ பாலத்துக்கு இந்தப் பக்கம்.

இன்வோக்-கமாண்ட் அந்த சர்வருக்குள் நுழைய முடியாமல் ஒரு பிழையை எழுப்பியிருக்கிறது. அந்தப் பிழையைக் கண்டுகொள்ளாமல் போகும்படி ஸ்கிரிப்ட்டில் எழுதியிருந்தது. தம்பி எழுதியது என்று சொல்ல ஆசைதான், எழுதியது நான். அதனால் அந்த சர்வரை மூலமாகக் கொண்ட வரி எதுவும் திரும்பி வரவில்லை. வராத வரிக்கு ஏது நிறம்? வேறு சர்வரிலிருந்து அதை நோக்கிப் போகிற வரிகளாவது சிவப்பாகியிருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். அந்த அப்ளிகேஷனுக்கு அலுவலகக் கணினிகள்தான் வாடிக்கையாளர்கள், சர்வர் யாரும் அதனிடம் பேசுவதில்லை, பட்டியலில் அதை இலக்காக வைத்த வரியே கிடையாது. அறிக்கையில் தோல்விகளை மட்டும் எண்ணினேன், தோல்வி பூஜ்யம்.

இப்போது ஸ்கிரிப்ட் தொடங்கும்போதே பட்டியலில் உள்ள எல்லா வரிக்கும் 'தெரியவில்லை' என்று போட்டு மஞ்சள் பூசிவிடும். விடை வந்தால்தான் அது பச்சையாகவோ சிவப்பாகவோ மாறும். போன வரி எத்தனை, வந்த விடை எத்தனை என்ற இரண்டு எண்ணும் அறிக்கையின் தலையில் பெரிய எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு சர்வரும் தான் எந்த முகத்தில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், டொமைன் அல்லாத எதுவும் சிவப்பு. கிடங்கு அலுவலகத்தில் இரண்டு சாதாரணக் கணினிகளில் ரிமோட்டிங்கை இயக்கி அவற்றையும் மூலமாகச் சேர்த்தோம், மனிதர்கள் உட்காரும் இடத்திலிருந்தும் தட்ட வேண்டுமே. அன்றைய கோளாறுக்கு மருந்து, நெட்வொர்க் அட்டையை ஒரு தரம் நிறுத்தித் தொடங்கியது, பத்து வினாடி வேலை.

தட்டக் கூடாத கதவு

தொழிற்சாலைத் தளத்தில் சோதனை மெஷின்கள், தங்களைக் கட்டுப்படுத்தும் ஹோஸ்ட் கணினியோடு எச்எஸ்எம்எஸ் என்ற செமிகண்டக்டர் தொடர்பு முறையில் பேசுகின்றன. எங்கள் மெஷின்களில் அது போர்ட் 5000. செமிகண்டக்டர் பக்கம் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், ஒற்றை அமர்வு முறையில் மெஷின் ஒரே ஒரு இணைப்பைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கும். இது தெரியாமல் அந்த வரிகளையும் பட்டியலில் சேர்த்தோம். நம் ஸ்கிரிப்ட் இணைந்து, உடனே துண்டித்து, பச்சை என்று எழுதிக்கொண்டு போனது. பராமரிப்பு முடிந்து எழுந்த ஒரு மெஷின் ஹோஸ்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் நாம் முந்திக்கொண்டோம். ஹோஸ்ட் வந்துவிட்டுப் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு அது அலாரம் எழுப்பி நின்றுவிட்டது. உற்பத்திப் பிரிவு அக்கா நேராக எங்கள் அறைக்கே வந்து, "என் மெஷினை யாருப்பா நோண்டுறது?" என்று கேட்டார். அவர் கையில் மெஷின் பதிவின் அச்சுப்பிரதி, அதில் நம் மைய சர்வரின் அட்டவணை நேரத்துக்குச் சரியாக ஒரு வரி. மறுக்க வழியில்லை.

அந்த வரிகளுக்கு இப்போது தட்டுவதே கிடையாது. ஹோஸ்ட் சர்வருக்குள் போய், மெஷினோடு 5000-இல் நிலைபெற்ற இணைப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருகிறோம். இருந்தால் பச்சை. ஒரு பாக்கெட்கூட மெஷின் பக்கம் போவதில்லை. லேபல் பிரின்டர்களின் 9100-க்கும் இதே மரியாதை. அங்கே எதை அனுப்பினாலும் அச்சடித்துவிடும் என்பதால் போர்ட்களை ஆராயும் என்மேப் கருவிகூடத் தன் பதிப்பு ஆய்வில் 9100-ஐ இயல்பாகவே ஒதுக்கி வைக்கிறது. வெறும் இணைப்பால் ஒன்றும் ஆகாது, ஆனால் அக்கா இன்னொரு தரம் வருவதை நாங்கள் யாரும் விரும்பவில்லை.

யூடிபிக்கு இந்த வித்தை எதுவும் செல்லாது, அங்கே இணைப்பு என்பதே இல்லை. டிஎன்எஸ் என்றால் ஒரு பெயரைக் கேட்டுப் பார்க்கிறோம், நேர சேவை என்றால் விண்டோஸின் டபிள்யூ32டிஎம் கட்டளை மூலம் நேரத்தைக் கேட்கிறோம். ஆர்பிசி (ஒரு கணினி இன்னொன்றிடம் வேலை சொல்லும் முறை) இன்னொரு வகைத் தொல்லை, 135 திறந்திருந்தாலும் உண்மையான பேச்சு 49152-க்கு மேல் எங்கோ நடக்கும். அதற்கு 135 பச்சை என்பதை நம்பாமல், அந்தச் சேவையையே ஒரு சின்ன வேலை செய்யச் சொல்லிப் பார்க்கிறோம். லினக்ஸ் நாலுக்கும் எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு வழியாகப் போய், போர்ட் தட்டும் நெட்கேட் கருவியில் அதே 3 வினாடிக் கெடு.

யார் பெயரில் ஓடுகிறது

முதல் மாதம் என் நிர்வாகக் கணக்கிலேயே ஓடியது. நடுநிசி 2:40-க்கு எங்கள் பாதுகாப்புக் கண்காணிப்புச் சேவையிலிருந்து போன்: ஒரே கணினியிலிருந்து 46 சர்வருக்குள் நுழைவு, நுழைந்த இடத்திலிருந்தெல்லாம் போர்ட் தட்டல், உங்கள் கணக்குத் திருடு போயிருக்கிறதா? அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை, திருடன் வந்தாலும் இதே மாதிரிதான் செய்வான். தூக்கக் கலக்கத்தில் "அது நான்தான்" என்றேன். திருடனும் அப்படித்தானே சொல்வான் என்று அந்தப் பையன் அமைதியாகப் பதில் சொன்னான்.

அதன் பிறகு குழுவால் நிர்வகிக்கப்படும் சேவைக் கணக்கு ஒன்று வைத்தோம், கடவுச்சொல்லை டொமைனே மாற்றிக்கொள்ளும், மனிதர் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு சர்வரிலும் ஜேஇஏ முறையில் ஒரு சின்ன வாசல். அந்தக் கணக்கு அதன் வழியாக உள்ளே வந்தால் தட்டிப் பார்ப்பது, யார் கேட்கிறார்கள் என்று பார்ப்பது, இந்த இரண்டு வேலையைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. ஓடும் நேரங்களைக் கண்காணிப்புச் சேவைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், அந்த நேரத்துக்கு வெளியே ஓடினால் எழுப்பச் சொல்லி. வெளி நிறுவனங்களின் முகவரிகளைத் தட்டும் ஆறு வரிகளுக்கு அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். மலேசியாவில் 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, 'சும்மா பார்த்தேன்' என்று நீதிமன்றத்தில் நின்று சொல்கிற ஆளாக நான் இருக்க வேண்டாம்.

5 நிமிடத்துக்கு ஒரு முறை என்று தொடங்கி, சத்தம் தாங்காமல், இப்போது காலை 5:30-க்கு ஒரு முறையும், எந்த மாற்றம் செய்தாலும் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு முறையும் ஓட்டுகிறோம். முன்னும் பின்னும் எடுத்த இரண்டு அறிக்கையை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வேறுபாட்டை மட்டும் பார்ப்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. பத்து காவான் சர்வரை இடம் மாற்றிய இரவு, பின் அறிக்கையில் புதிதாக மூன்று சிவப்பு. மூன்றும் 'பதில் இல்லை, அங்கே சேவை கேட்டுக்கொண்டிருக்கிறது'. அண்ணன் பழைய முகவரியை விதியில் தேடி மாற்றினார், மறுபடி ஓட்டினோம், வேறுபாடு ஒன்றும் இல்லை, இரவு 11 மணிக்கு வீட்டுக்குப் போனோம்.

கிடங்கில் தூக்கிக்கொண்டு திரியும் ஸ்கேனர்கள் மட்டும் பாக்கி. அவை ஆண்ட்ராய்டு, வின்ஆர்எம் கிடையாது, தவிர அலமாரிக்கு அலமாரி வைஃபை மாறும். அதற்கு இன்னும் தம்பிதான் காலை 6 மணிக்கு ஒரு ஸ்கேனரைக் கையில் எடுத்துக்கொண்டு, முதல் அலமாரியிலிருந்து கடைசி அலமாரிவரை நடந்து, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பெட்டியை ஸ்கேன் செய்து பார்க்கிறான்.